இலவசத் தொலைக்காட்சியும் கிரிக்கெட்டும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மாதச் சந்தா கட்டுவது கடினம். இத்தகைய ஊர்களுக்கு ஏற்றது, 2004இல் தொடங்கி இன்று 'டிடி ஃப்ரீ டிஷ்' எனப்படும் தூர்தர்ஷன் சேவை. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும். செலவைத் தருவது யார்? தனியார் சேனல்கள் இதில் இடத்தை ஏலத்தில் எடுத்து, விளம்பரத்தில் பணத்தை மீட்கின்றன. கட்டணச் சேனல்களோ பார்ப்பவரிடமும் வாங்குகின்றன.

கிரிக்கெட்டில்தான் வேடிக்கை! தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்த ஒளிபரப்பைக் கேபிளில் காட்டக்கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கேபிளுக்கு மாதந்தோறும் பணம் கட்டும் வீட்டார், விளையாட்டுச் சேனலுக்கும் சேர்த்துக் கட்டினால்தான் ஆட்டம் தெரியும். கேபிள்காரரைக் கோபித்துப் பயனில்லை. சந்தாவே கட்டாத அடுத்த வீட்டில் அதே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.