வெறுங்காலும் தேசியப் பந்தயமும்

சின்னாட்களுக்கு முன் இரும்பை மாகாளநாதரைத் தரிசிக்கச் சென்றிருந்தோம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பெருஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே ஒதுங்கியிருப்பது அவ்வூர்; ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். பொழுது புலரும் வேளையில், செம்மண் பாதையில், வாலிபன் ஒருவன் வெறுங்காலுடன் ஓடிவந்துகொண்டிருந்தான். நிறுத்தி விசாரித்தோம். வயது பதினேழு என்றும், எண்ணூறு மீட்டர் ஓட்டம் பழகுவதாகவும் கூறினான். பிறகு அவன் நம்மை ஒரு கேள்வி கேட்டான்: "தேசியப் போட்டியில் ஓட வேண்டுமானால் யாரைப் பார்க்க வேண்டும், ஐயா?"

பல வருஷங்கள் நியாயஸ்தலத்தில் வாதாடிப் பழகிய நமக்கு உடனே விடை கூற நா எழவில்லை. எத்தனை விநாடியில் ஓட வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்றே கேட்டான். உத்தியோகத்துக்கும், பட்டாவுக்கும், ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் கேட்கப்படும் கேள்வி அது. ஓட்டப் பந்தயத்துக்கும் அதுவே கேள்வியாயிருப்பது நாட்டுக்குப் பெருமை தருவதன்று.

இந்தத் தேசியப் பந்தயம் எவ்வாறு பிறந்தது என்பதை நேயர்கள் சற்று நினைவுகூர வேண்டும். 1919இல் பூனா டெக்கான் ஜிம்கானாவின் பந்தயங்களுக்குத் தலைமை வகித்தார் ஸர் தோராப்ஜி டாட்டா. அங்கே ஓடியவர்கள் பெரும்பாலும் குடியானவர்கள், காலில் ஜோடில்லை, முறையான பயிற்சியும் இல்லை. ஆயினும் அவர்கள் ஓடிய காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபொழுது, அது ஐரோப்பியரின் காலத்துக்கு அதிகம் பின்தங்கவில்லை என்று கண்டு அவர் வியந்தார். அவ்வியப்பின் பயனாகவே 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஓட்டக்காரரும் மல்லருமாகச் சிலர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெல்காமைச் சேர்ந்த சௌகுலே மாரத்தான் ஓட்டத்தில் பத்தொன்பதாவதாக வந்தார். இந்தியாவின் தடகள சரித்திரம் மாளிகையில் தொடங்கவில்லை. வயற்காட்டிலிருந்து வந்த வெறுங்காலில் தொடங்கிற்று.

1924ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அகில இந்திய ஒலிம்பிக் பந்தயங்கள் முதன்முதலாக நடைபெற்றன. பாரிஸுக்குச் செல்லும் கோஷ்டியைத் தேர்ந்தெடுப்பதே அவற்றின் நோக்கம். அக்கோஷ்டியை நடத்திச் சென்றவர் ஹாரி க்ரோ பக். சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர் இவரே. சென்னை மாகாணத்தின் சார்பில் தேர்வு பெற்ற லக்ஷ்மணன் என்ற வீரர் பாரிஸில் தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடினார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. 1932இல் பந்தயங்கள் சென்னைக்கே வந்தன. அந்நிய ஆட்சியின் கீழ் மாகாணங்களாகவும் சமஸ்தானங்களாகவும் பிளவுபட்டுக் கிடந்த தேசம், ஒரே கோட்டில் நின்று ஒரே துப்பாக்கி ஓசைக்கு ஓடியது. அரசியல் சுதந்திரத்துக்கு முன்னரே நமக்குக் கிட்டிய ஒற்றுமைகளுள் இதுவும் ஒன்று.

1940இல் பம்பாயில் கூடியபொழுது 'இந்திய ஒலிம்பிக்' என்ற பெயர் நீங்கி, 'தேசிய விளையாட்டுகள்' என்ற பெயர் வழங்கலாயிற்று. தடகளத்துக்கெனத் தனிச் சம்மேளனம் 1946இல் தோன்றிற்று. அதே 1946இல் போட்டிகளை நடத்திய நகரம் லாகூர். 1948இல் நடத்தியது லக்னௌ. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த தேசப் பிரிவினையின் துயரை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. அத்துயரில் பெற்றோரைப் பறிகொடுத்து அகதியாய் வந்த சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் ராணுவத்தில் சேர்ந்தான். ஓட்டத்தில் தேறியவருக்கு நாள்தோறும் ஒரு கோப்பைப் பால் அதிகம் கிடைக்கும் என்று கேட்டு ஓடத் தொடங்கினான். 1958இல் கட்டாக்கில் நடந்த தேசிய விளையாட்டுகளில் இருநூறு மீட்டரிலும் நானூறு மீட்டரிலும் தேச சாதனை படைத்த மில்கா ஸிங் அவரே. 1960இல் ரோமாபுரியில் 45.73 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். அதே வருஷம் லாகூரிலேயே ஓடி வென்று 'பறக்கும் சீக்கியர்' என்ற பட்டமும் பெற்றார். அகதிக்கு எந்தச் சிபார்சு இருந்தது? கடிகாரத்தின் சிபார்சு ஒன்றுதான்.

தேசிய விளையாட்டுகள் காலக்கிரமத்தில் பல துறைகள் கலந்த பெருவிழாவாயின, ஒழுங்கும் தவறலாயின. 2015இல் கேரளத்தில் கூடிய விழா மறுபடி 2022இல் குஜராத்தில்தான் கூடிற்று. இடைப்பட்ட ஏழு வருஷத்தில் ஓர் ஓட்டக்காரனின் வாலிபமே கழிந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் சம்மேளனம் நடத்தும் தடகளப் போட்டிகளே இன்று மெய்யான தேசியப் பந்தயங்கள். மாநிலங்களுக்கிடையிலான 61ஆவது போட்டி 2022இல் சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றதை நேயர்கள் அறிவர்.

இத்துறையில் தமிழர் பின்தங்கியவரல்லர். 1978இல் பாங்காக் ஆசியப் போட்டியில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் தமிழ்நாட்டின் ஞானசேகரன். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உஷா நானூறு மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்தார். முப்பத்தொன்பது வருஷம் எட்டப்படாதிருந்த அந்தக் காலத்தை 2023இல் ஹாங்சௌவில் சமன் செய்தவர் கோவையின் வித்யா ராம்ராஜ். விநாடியின் நூறாம் பங்கு வாழ்க்கையை மாற்றும் துறை இது. இங்கே குலமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. ஓட்டக் கடிகாரம் கைக்கூலி வாங்காத நியாயாதிபதி. அதன் தீர்ப்பின்மேல் அப்பீலும் கிடையாது.

ஆனால் அந்த நியாயஸ்தலத்தின் படியேறுவது எப்படி? ஜில்லாவில் தேற வேண்டும், பிறகு மாநிலத்தில், அதன் பிறகே தேசம். இரும்பை வாலிபனுக்குப் புதுச்சேரி கூப்பிடு தூரம் போன்றது. எனினும் அது வேறு ஆட்சி. அவன் ஜில்லாத் தலைநகர் விழுப்புரம்; சுமார் நாற்பது கிலோமீட்டர். தேர்வு எந்த நாளில் என்பது அவன் செவிக்கு எட்டவேண்டும்; பஸ் கட்டணம் வேண்டும்; அன்று வயிற்றில் சோறும் வேண்டும். பதினான்கு, பதினாறு வயதுக்குட்பட்டோருக்கெனச் சம்மேளனம் ஜில்லாக்களுக்கிடையே ஒரு பெரும் போட்டி நடத்திவருகிறது. 2024இல் அகமதாபாத்தில் சுமார் அறுநூறு ஜில்லாக்களிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார் அதில் கலந்துகொண்டனர். மெச்சத்தக்க ஏற்பாடே. ஆனால் அந்த வாசல் இவனுக்கு மூடிவிட்டது. வாசல் இருந்ததை அவனுக்கு எவரும் அறிவிக்கவில்லை.

மற்றொரு கேட்டையும் மறைத்தற்கில்லை. 2023 செப்டம்பரில் டில்லி மாநிலப் போட்டியில் ஊக்க மருந்துப் பரிசோதகர் வந்தனர் என்ற செய்தி பரவியதும், நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தில் கோட்டில் வந்து நின்றவர் ஒரே ஒருவர்! பிறந்த தேதியைத் திருத்தி இளையோர் பந்தயத்தில் நுழைவோரும் உளர். இவை வெறும் ஒழுக்கக் குறைவுகள் அல்ல. நேர்மையாக ஓடுகிற ஏழையின் இடத்தைத் திருடும் குற்றங்கள்.

நாம் சர்க்காரையும் சங்கங்களையும் வேண்டுவது அதிகமன்று. தாலுகாவுக்கு ஒரு சமதள மைதானம், அதில் சரியாக அளந்து கோடிட்ட நானூறு மீட்டர் பாதை. ஜில்லாத் தேர்வின் தேதியை ஒரு மாதத்துக்கு முன்பே ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஊராட்சிப் பலகையிலும் தமிழில் ஒட்டுவது. தேர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிச்செலவும் ஒரு வேளை உணவும். ஓடிய காலங்கள் அனைத்தையும், வென்றவர் தோற்றவர் என்ற பேதமின்றி, பகிரங்கமாக வெளியிடுவது. இவற்றுக்குக் கோடிகள் தேவையில்லை, மனம் தேவை. தேசத்தொண்டு செய்ய விழையும் அன்பர்களுக்கும் இங்கே வேலை உண்டு. கையில் ஒரு கடிகாரமும் அளவு நாடாவும் இருந்தால், எந்த ஊரிலும் ஞாயிறுதோறும் பந்தயம் நடத்தலாம்.

அன்று இரும்பையில் நாம் கடைசியில் கூறிய விடை இதுதான்: "யாரையும் பார்க்க வேண்டாம், தம்பி, கடிகாரத்தைப் பார்." அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். அவ்விடை முழு உண்மையன்று என்பதை நாம் அறிவோம், அவனும் அறிந்திருப்பான். அதை முழு உண்மையாக்குவதே, பூனாவில் வெறுங்காலோடு ஓடிய அக்குடியானவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேலாக நாம் செலுத்தாது நிற்கும் கடன்.