பால் வற்றியதா, பம்பி தேய்ந்ததா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளக் கரைக்கு வந்த குடும்பங்களில், சொந்தக் காணியில் பயிர் செய்த பலர் பிறர் தோட்டத்தில் கூலிக்கு நிற்க வேண்டி வந்தது. கற்பிட்டிப் பக்கத்து வெங்காய, மிளகாய்த் தோட்டங்களுக்குத் தாய்மாரும் போகிறார்கள். கைக்குழந்தை உம்மம்மாவிடமோ மாமியிடமோ நிற்கும். அந்த நேரத்துக்கென்று தாய்ப்பாலை எடுத்து வைக்கச் சிலர் கைப்பம்பி ஒன்றைப் பாவிக்கிறார்கள்.

முதல் மாதம் பம்பி நன்றாக இழுக்கும். பிறகு பால் குறையும். "எனக்குப் பால் வற்றிவிட்டது" என்று தாய் மனம் உடைவாள். வீட்டார் பால்மா வாங்கப் போவார்கள். பல வேளைகளில் குறை தாயில் இல்லை. பம்பியிலுள்ள சின்ன இறப்பர்த் துண்டில்தான் இருக்கிறது.

இதை அறிய எளிய வழி உண்டு. பம்பியால் எடுத்து முடிந்ததும் கையால் சிறிது அழுத்திப் பாருங்கள். பால் தாராளமாக வந்தால் பம்பியைத்தான் சோதிக்க வேண்டும்.

எந்தத் துண்டு தேயும்?

கிணற்றில் நீர் இறைக்கும் பம்பியின் புட்வால்வு பழுதானால் இயந்திரம் ஓடும், தண்ணீர் ஏறாது. இங்கும் அதே கதைதான்.

வால்வு: தாராவின் சொண்டு போல இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனிப் பிளவு இறுக மூடியிருக்க வேண்டும். விரிந்து நின்றாலோ கிழிந்திருந்தாலோ மாற்றுங்கள். நாளுக்கு மூன்று, நான்கு முறை பாவித்தால் ஒன்றிரண்டு மாதத்தில் இது தளர்ந்துவிடும். ஊசியாலோ தூரிகையாலோ குத்திக் கழுவினால் இன்னும் விரைவில் கிழியும். சில பம்பிகளில் சொண்டுக்குப் பதிலாக மெல்லிய வெள்ளைச் சவ்வு இருக்கும். அது சுருளாமல் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும்.

கைபிடியின் கீழுள்ள சிலிக்கன் தட்டும் இறப்பர் வளையமும்: தளர்ந்தால் காற்றுப் புகும், இழுவை குறையும்.

குழாய்: மின்பம்பியில் மட்டும் இருக்கும். வெடித்தாலோ உள்ளே பூஞ்சணம் பிடித்தாலோ கழுவிப் பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

புனல்: வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். அளவும் முக்கியம். முலைக்காம்பின் அடிப்பகுதியின் அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து, அதைவிடச் சற்றே பெரிய துவாரமுள்ள புனலைத் தெரிவு செய்யுங்கள். காம்பு உரசி நொந்தால் அது சிறிது. சுற்றியுள்ள கருந்தோல் அதிகம் உள்ளே இழுபட்டால் அது பெரிது.

கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள். ஒரு கம்பனியின் துண்டு மற்றதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. வால்வு வாங்கினால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். சைக்கிள் ஹோர்ன் போல இறப்பர்ப் பந்து வைத்த பழைய மாதிரியை வாங்கவே வேண்டாம். பால் பந்துக்குள் போனால் அதைக் கழுவ வழியில்லை. ஒருவர் பாவித்த பம்பியை இன்னொருவர் வாங்கிப் பாவிப்பதும் நல்லதல்ல.

கழுவுதல்

2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அதை உண்டாக்கிய கிருமி தாயின் பம்பியிலும் கண்டுபிடிக்கப்பட்டது. துண்டுகள் சவர்க்கார நீரில் மணிக்கணக்காக ஊறியபடி கிடந்ததே வழக்கம்.

ஆகவே ஊற விடாதீர்கள். பாவித்த உடனே கழற்றி, இதற்கென்றே வைத்த கோப்பையில் சவர்க்காரமும் சுடுநீரும் இட்டுக் கழுவி அலசுங்கள். நாளுக்கு ஒரு முறை 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். சுத்தமான துணியில் நன்றாக உலர்ந்த பின்பே பூட்டுங்கள்.

பால்மாவுக்கு ஏன் அவசரப்படக்கூடாது?

கற்பிட்டியின் மணல் நிலத்தில் யூரியாவும் பிற பசளைகளும் கரைந்து கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இப்பகுதியின் பல கிணறுகளில் அதற்கு மேலும் அளக்கப்பட்டுள்ளது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாமல் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். தாய் அந்நீரைக் குடித்தாலும் அது பாலில் பெரிதாகச் சேர்வதில்லை.

தேயாத பம்பி

புதுத் துண்டு வாங்கக் காசில்லாத நாளில் கை போதும். கையைக் கழுவி, பெருவிரலையும் சுட்டுவிரலையும் காம்புக்குப் பின்னால் 2, 3 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரு விரல்களையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். தோலில் வழுக்கி இழுக்க வேண்டாம். வாயகன்ற கோப்பையில் பாலை ஏந்தி மூடி வையுங்கள். 25 பாகை வெப்பத்தில் 4 மணித்தியாலம் வரை பால் கெடாது. எமது கரையின் பகல் வெப்பம் அதிலும் கூடுதலானதால் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். போத்தலை விடக் கோப்பையால் பருக்குவது சுத்தம்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். தேய்ந்த வால்வோடு வாரக்கணக்கில் மார்பு வெறுமையாகாமல் இருந்தால், நாளடைவில் பால் உண்மையாகவே குறைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு நேரே பால் கொடுங்கள், இரவிலும் கொடுங்கள். குழந்தை நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ நிறை ஏறாமல் நின்றாலோ, பால்மா வாங்குமுன் உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் போங்கள். போகும்போது பம்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.