வண்டியின் கணக்கேட்டில் ஒரு காவல் எண்

தந்தி வழக்கில் இருந்த காலத்தில் தபாற்கந்தோரில் பணியாற்றியவர்கள் ஒன்றை அறிவார்கள். தந்தியின் வாசகத்தோடு, அதில் எத்தனை சொற்கள் உள்ளன என்னும் எண்ணும் உடன் செல்லும். மறுமுனையில் அதனைப் பெறுபவர் சொற்களை எண்ணிப் பார்ப்பார். பன்னிரண்டு என்று அறிவிக்கப்பட்டிருக்க, கையில் பதினொன்றே இருப்பின், வழியில் ஏதோ தவறிற்று என்பது புலனாகும். எந்தச் சொல் தவறிற்று என்பதை அவ்வெண் கூறாது. இக்கால மோட்டார் வண்டியினுள்ளும் இத்தொழிலைச் செய்யும் எண் ஒன்று உண்டு. அதனைச் சரிபார்ப்புத் தொகை என்று கூறலாம்.

இன்றைய வண்டியில் இயந்திரத்துக்கு ஒன்று, பிறேக்குக்கு ஒன்று, காற்றுப் பைக்கு ஒன்று எனப் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உள. ஒவ்வொன்றும் ஒரு சிறு கணினியே. வண்டி எவ்வகையினது, அதற்கு எவ்வெவ் வசதிகள் பூட்டப்பட்டுள்ளன, சில்லின் சுற்றளவு யாது என்பன போன்ற விவரங்கள், மின்சாரம் நின்ற பின்பும் அழியாத நினைவகத்தில் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் அடங்கும். அவ்வறைக்குப் பைட்டு என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு அறைகளில் 12, 40, 199, 3 என்னும் எண்கள் உள்ளன. இவற்றுள் 199 என்பது சில்லின் சுற்றளவு, சென்ரிமீற்றரில். 195/65 என்னும் அளவுடைய 15 அங்குல ரயருக்கு ஏறத்தாழ இவ்வளவே வரும். நான்கையும் கூட்டினால் 254. ஐந்தாம் அறையில் 2 என்று எழுதிவைத்தால் மொத்தம் 256 ஆகும். 256 ஆல் வகுக்க மீதி இல்லை. பெட்டி விழித்தெழும்போது இக்கணக்கைச் செய்து பார்க்கும். மீதி பூச்சியமானால் ஏட்டை நம்பும்.

இனி, உரிமையாளர் 205/70 அளவுள்ள பெரிய ரயரைப் பூட்டுகிறார் என்று கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 210 சென்ரிமீற்றர் ஆகிவிடும். ஏட்டைத் திருத்தாது விட்டால், வேகமானி மணிக்கு 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி 63 கிலோமீற்றருக்குச் சற்று மேலாக ஓடும். ஆகவே 199 ஐ 210 ஆக்குகிறார். இப்போது மொத்தம் 267, மீதி 11. பெட்டி ஏட்டை நம்ப மறுக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியலாம். பெட்டி பொதுவான தொடக்க மதிப்புகளுக்குத் திரும்பலாம். சில பெட்டிகள் தம் தொழிலையே நிறுத்திவிடும். திருத்தியவரோ பெட்டி பழுதாயிற்று என்று எண்ணிப் புதியதொன்றுக்குப் பணம் தேடுவார். உண்மையில் பழுது எதுவும் இல்லை. நான்கு எண்களும் சேர்ந்து 265. அதனை 512 ஆக்க 247 வேண்டும். ஐந்தாம் அறையில் 247 ஐ எழுதினால் கணக்குப் பொருந்திவிடும்.

கூட்டற் கணக்கு எளிது. ஆனால் அதன் கண் மங்கியது. 12 உம் 40 உம் இடம் மாறி அமர்ந்தாலும் மொத்தம் மாறாது. ஓர் எண்ணில் ஒன்று கூடி, மற்றொன்றில் ஒன்று குறைந்தாலும் அவ்வாறே. இக்குறையை நீக்க வந்ததே சுழற்சி மீதிச் சோதனை. இதனை விரிவாக ஆராய்ந்து 1961 இல் கட்டுரை வெளியிட்டவர்கள் அமெரிக்கரான பீற்றர்சனும் பிரவுணும் ஆவர். இங்கே எண்கள் வெறுமனே கூட்டப்படுவதில்லை. முழு ஏடும் ஒரே நீண்ட எண்ணாகக் கருதப்பட்டு, குறித்த ஒரு வகுத்தியால் ஒருவகை வகுத்தல் செய்யப்படுகிறது. எஞ்சும் மீதியே காவல் எண். இடமாற்றமும் இதன் கண்ணுக்குத் தப்புவது அரிது. வண்டியின் பெட்டிகள் தம்முள் பேசிக்கொள்வதற்காக ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986 இல் அறிமுகம் செய்த கான் என்னும் இணைப்பு முறையிலும், ஒவ்வொரு செய்தியின் பின்னும் இத்தகைய 15 பிட்டு மீதி ஒன்று செல்கிறது.

இவ்விடத்திலேதான் கைவினைஞர் பலர் இடறுகின்றனர். எந்த முறை, எந்த அறையிலிருந்து எந்த அறை வரை, இரு பைட்டுத் தொகையாயின் எது முன், எது பின் என்பன பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். சில பெட்டிகள் ஒரே ஏட்டின் இரு படிகளை வைத்திருக்கும். ஒன்றைத் திருத்தி மற்றையதை விட்டால் பயனில்லை. ஆகவே முதலிற் செய்யத் தக்கது, எதனையும் தொடுமுன் ஏடு முழுவதையும் படியெடுத்து வைப்பது. பின்னர், அத்திருத்தாத படிக்கே தம் முறைப்படி தொகையைக் கணித்துப் பார்த்தல் வேண்டும். பெட்டியில் முன்பே இருக்கும் எண் வந்தால் முறை சரி. வராவிட்டால், அம்முறையைக் கொண்டு புதிய ஏட்டுக்குத் தொகை எழுதுவது குருட்டு வேலை. எழுதும்போது பற்றரி தளராதிருத்தலும், எழுதிய பின் மீண்டும் வாசித்து ஒப்பிடுதலும் அவசியம்.

மற்றொன்றையும் கூறவேண்டும். தொகை பொருந்திவிட்டது என்பதனால் ஏட்டிலுள்ளது உண்மை என்று ஆகாது. 210 என்பதற்குப் பதிலாக 120 என்று கைதவறி எழுதி, அதற்கேற்பத் தொகையையும் திருத்தினால், பெட்டி மறுசொல்லின்றி ஏற்றுக்கொள்ளக்கூடும். தற்செயலான கெடுதியைக் கண்டுபிடிக்கவே இந்தக் காவலன் நியமிக்கப்பட்டான். மனிதன் அறிந்தே எழுதுவதைத் தடுக்க அல்ல. வேகமானியில் அவ்வளவு தீங்கு விளையாதிருக்கலாம். பிறேக்குப் பெட்டியிலும் காற்றுப் பைப் பெட்டியிலும் விளையாட்டு வேண்டாம் என்பதே என் கருத்து. ஓடிய தூரத்தைக் குறைத்தெழுதி வண்டி விற்பவருக்கும் இதே கணக்கு உதவுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் அச்செயலைத் தடைசெய்தது.

இதனாலேயே புதிய பெட்டிகள் பலவற்றில் தொகையோடு இலக்கமுறைக் கையொப்பம் ஒன்றும் சேர்க்கப்படுகிறது. கையொப்பத்தை உண்டாக்கும் இரகசியத் திறவுகோல் உற்பத்தியாளரிடமே இருக்கும்; பெட்டியிடம் இருப்பது அதனைச் சோதிக்கும் திறவுகோல் மட்டுமே. அத்தகைய பெட்டியில், தாளில் 265 ஐயும் 512 ஐயும் எழுதிக் கழித்துப் பார்ப்பவருக்கு வேலையில்லை; உரிய முகவரிடமே வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும்.