இருதலைக் கொள்ளி மீன்கள்

கோடை விடுமுறையில் ஊர்க் கிணற்றிலோ ஏரியிலோ நீந்தியவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். மேல் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். காலைக் கீழே விட்டால் சில்லென்று இருக்கும். நாம் விளையாட்டாக உணர்ந்த இந்த வேறுபாடு, பெரிய அணைகளின் நீர்த்தேக்கங்களில் வாழும் சிலவகை மீன்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கிறது. அதற்குமேல் சூடேறச் சூடேற அதன் அடர்த்தி குறைகிறது. எனவே கோடை வெயிலில் சூடான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுகிறது. காற்றடித்து அலை எழுந்தாலும் மேலடுக்கு மட்டுமே கலங்குகிறது. அடி நீருக்குப் பல மாதங்கள் காற்றின் தொடர்பே இல்லை. அங்கே வெளிச்சமும் எட்டாததால் பாசிகள் பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. மேலிருந்து விழும் செத்த பாசியும் இலை தழைகளும் அழுகும்போது, இருக்கும் பிராணவாயுவும் தீர்ந்துபோகிறது. ஆக, மேலே காற்றோட்டமுள்ள சூடான நீர். கீழே மூச்சுவிட முடியாத குளிர்ந்த நீர்.

குளிர்ந்த நீரை நாடும் மீன் என்ன செய்யும்? இருதலைக் கொள்ளி எறும்பின் கதைதான்!

இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ளது. அங்கே ஹோல்ஸ்டன் ஆற்றின் குறுக்கே 1941-ல் கட்டி முடிக்கப்பட்டது செரோக்கி அணை. அதன் நீர்த்தேக்கத்தில் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்னும் வரிமீனை வளர்த்தார்கள். இது கடலில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும் மீன். தெற்குக் கரோலினாவில் 1940-களில் அணைகளுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்ட மீன்கள், கடலைக் காணாமலே வாழ்ந்து இனம் பெருக்கின. அதைக் கண்டபின் வேறு பல நீர்த்தேக்கங்களிலும் இவற்றை விட்டார்கள்.

குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. ஆனால் வளர்ந்த பெரிய மீன்கள் கோடையில் மெலிந்தன. சில ஆண்டுகளில் செத்தும் மிதந்தன. 1970-களின் பிற்பகுதியில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சார்லஸ் கூட்டண்ட் குழுவினர், செரோக்கியில் மீன்களின் உடலில் ஒலி பரப்பும் சிறு கருவிகளைப் பொருத்தி, அவை போகுமிடத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். கோடை முற்றியதும் அவை ஊற்று நீரும் குளிர்ந்த ஓடைகளும் வந்து சேரும் சில மூலைகளில் கூடி ஒதுங்கியிருந்தன.

1985-ல் கூட்டண்ட் இதற்கு விளக்கம் எழுதினார். குஞ்சுகள் வெப்பத்தைத் தாங்கும். பெரிய மீன்களுக்கோ சுமார் 25 டிகிரிக்குக் குறைவான வெப்பமும், லிட்டருக்கு 2 அல்லது 3 மில்லிகிராமுக்குக் குறையாத பிராணவாயுவும் ஒருசேர வேண்டும். கோடை ஏற ஏற, இரண்டும் சேர்ந்து கிடைக்கும் அடுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் சுருங்கிவருகிறது. மின்சாரத்துக்காக அணையின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால் அது இன்னும் சுருங்கும்.

ஒதுங்கிய இடத்திலும் நிம்மதியில்லை. இரையாகும் சிறு மீன்கள் சூடான மேல் நீரில் இருக்க, இவை பசியில் வாடுகின்றன. நெருக்கத்தில் நோய் பரவுகிறது. தூண்டில்காரர்களுக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. பிடித்தபின் இரக்கப்பட்டுத் திரும்ப விட்டாலும், சூடான நீர் வழியே இழுத்துவரப்பட்ட களைப்பில் பல மீன்கள் பிழைப்பதில்லை.

பரிகாரம் உண்டா? டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் 1990-களில் செரோக்கி உட்படச் சில அணைகளின் அருகே ஆழத்தில் துளைக் குழாய்களைப் பதித்துப் பிராணவாயுவைச் செலுத்தத் தொடங்கியது. அணைக்குக் கீழே ஓடும் ஆற்றைக் காப்பதே அதன் முக்கிய நோக்கம். பாசியைப் பெருக்கும் சாக்கடையும் உரமும் நீரில் கலக்காமல் தடுப்பதும், ஊற்றுகளையும் ஓடைகளையும் காப்பதும் வேறு வழிகள்.

நம் நாட்டிலும் ஆண்டுதோறும் நீர்த்தேக்கங்களில் லட்சக்கணக்கில் மீன்குஞ்சுகளை விடுகிறோம். அணை நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், கடுங்கோடையில் எத்தனை அடி நீர் அந்த மீனுக்கு ஏற்றதாக இருக்கும் என்பதையும் அளந்து பார்த்துவிட்டு விடுவது நல்லது. ஏனெனில், விட்ட குஞ்சு பெரிய மீனாகும்போதுதான் அந்தக் கணக்கு தேவைப்படுகிறது.