ஊதினால் ஓடுமா கேம்?

1985-இல் அமெரிக்காவில் வெளிவந்த நின்டெண்டோ என்.இ.எஸ். கருவியில் படம் வராமல் சிவப்பு விளக்கு மினுக்கினால், கேசட்டைக் கழற்றி ஊதுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி தூசியைவிட, கேசட் செருகப்படும் இணைப்பிதான். கேசட்டைப் படுக்கைவாட்டில் நுழைத்துக் கீழே அழுத்தும்போது இணைப்பியின் 72 ஊசிகளும் வளைகின்றன. நாளடைவில் பிடிப்புத் தளர்கிறது. அப்போது கருவிக்குள் இருக்கும் காவல் சில்லுக்குக் கேசட்டின் இணைச் சில்லிலிருந்து சரியான பதில் வராவிட்டால், அது நொடிக்கொரு முறை கருவியை மறுதொடக்கம் செய்கிறது. மினுக்கல் அதனால்தான்.

ஊதியதும் ஓடியதே என்பார்கள். ஓடியிருக்கும், ஊதும் சாக்கில் கேசட்டைக் கழற்றி மறுபடி செருகுகிறார்கள் அல்லவா, அப்போது ஊசிகள் நன்றாகத் தொட்டிருக்கும். மூச்சின் ஈரம் மின்தொடர்புக்குச் சற்றே உதவியிருக்கலாம். ஆனால் அதே ஈரம் உலோகத்தை அரிக்கும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் இணைப்பியை மாற்ற வேண்டியதுதான். 1993-இல் வந்த மறுவடிவில் கேசட்டை மேலிருந்து செருகினார்கள், காவல் சில்லும் இல்லை, மினுக்கலும் ஒழிந்தது.