உரோமாபுரியின் உடன்படிக்கைப் படையினர்

கி.பி. 410-ஆம் ஆண்டில் கோத்தியர் என்னும் முரட்டுக் கூட்டத்தார் உரோமாபுரியைச் சூறையாடினர் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். எங்கிருந்தோ வந்து பாய்ந்த பகைவர் என்றே அவர்கள் நம் மனத்தில் பதிந்துள்ளனர். ஆயின், அவர்களுட் பலர் அப்பேரரசின் எல்லைக்குள் வளர்ந்தவர்கள். அதன் கொடியின்கீழ் நின்று குருதி சிந்தியவர்கள்.

அயலாரைப் படையிற் சேர்ப்பது உரோமர்க்குப் புதிதன்று. துணைப்படையில் 25 ஆண்டுகள் பணியாற்றிய அயலானுக்குக் குடியுரிமை ஈந்து, அதனை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கொடுத்த காலமும் உண்டு. பிற்காலத்திலோ ஓர் இனத்தார் முழுவதோடும் உடன்படிக்கை செய்து, நிலமோ தானியமோ அளித்து, அதற்கு ஈடாக வீரரைப் பெறும் வழக்கம் ஓங்கியது. இலத்தீனில் உடன்படிக்கைக்குரிய சொல்லின் வேரிலிருந்தே ‘ஃபெடரல்’ என்று இன்று வழங்கும் சொல்லும் பிறந்தது.

376-இல் ஊணருக்கு அஞ்சிய கோத்தியர், மனைவி மக்களுடன் டான்யூப் ஆற்றங்கரையில் வந்து நின்று புகலிடம் வேண்டினர். பேரரசன் வாலன்ஸ் இசைந்தான். ஆனால் அங்கிருந்த அதிகாரிகள், பசித்தவர்க்கு நாயிறைச்சியை விற்று, ஒரு நாய்க்கு ஒருவர் வீதம் அடிமைகளைப் பெற்றனர் என்றும், தலைவர்களின் பிள்ளைகளும் இவ்வாறு சென்றனர் என்றும் அக்காலத்து வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார். படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது. மூண்டெழுந்த கலகம் 378 ஆகஸ்டு 9-இல் அட்ரியானோப்பிள் போரில் முடிந்தது. வாலன்ஸ் மாண்டான், அவன் படையில் மூன்றில் இரு பங்கு அழிந்தது.

382-இல் தியோடோசியஸ் காலத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. கோத்தியர் நிலம் பெற்றனர். போர் வந்தால் பேரரசனுக்காகப் படையெடுத்தனர். 394-இல் ஃபிரிகிடஸ் ஆற்றங்கரைப் போரில் அவர்களே முன்னணியில் நிறுத்தப்பட்டுப் பல்லாயிரவர் மடிந்தனர். அப்போரில் அவர்களை நடத்திச் சென்றவர்களுள் ஒருவன் அலாரிக்.

408-இல் மேலைப் பேரரசின் படைத்தலைவன் ஸ்திலிக்கோ கொலைத் தண்டனை பெற்றான். அவன் தந்தை வாண்டால் இனத்தான். உடனே இத்தாலிய நகரங்களில், உரோமப் படையினர், தம்மோடு பணிபுரிந்த அயலின வீரரின் பெண்டிர் பிள்ளைகளை வெட்டி வீழ்த்தினர். குடும்பத்தை இழந்த 30,000-க்கும் மேற்பட்ட வீரர் அலாரிக்கிடம் சேர்ந்தனர் என்பது சோசிமஸ் தரும் கணக்கு. ஊர்விட்டு ஊர் வந்து குடும்பத்தோடு வாழும் நமக்கு இவ்விடத்தை எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை.

அலாரிக் உரோமாபுரியை முற்றுகையிட்டான். விலகிச் செல்ல அவன் பெற்ற பொருள்களில் 5,000 இராத்தல் பொன்னும் 4,000 பட்டாடைகளும் 3,000 இராத்தல் மிளகும் அடங்கும். மிளகு என்றதும் நாம் சற்றே நிமிர்ந்து உட்காருகிறோம். சேரநாட்டு மிளகுக்கு யவனர் பொன் தந்த செய்தி சங்கப் பாடலில் உள்ளதன்றோ!

பின்னர் அவன் தன் கோரிக்கையைப் பெரிதும் குறைத்துக்கொண்டு, நோரிக்கம் என்னும் எல்லைப் பகுதியும் ஆண்டுதோறும் தானியமும் போதும் என்றான். பேரரசன் ஹொனோரியஸ் மறுத்தான். 410 ஆகஸ்டு 24-இல் உரோமாபுரியின் வாயில் திறந்தது. கொள்ளை மூன்று நாள் நீடித்தது.

அதற்கு எட்டாண்டுகள் கழித்து, அதே கோத்தியர்க்குத் தென்மேற்குக் காலியாவில் உரோமர் நிலமளித்தனர். 451-இல் ஊணர் தலைவன் அட்டிலாவை எதிர்த்து, கோத்திய மன்னன் தியோடோரிக் உரோமர் பக்கம் நின்று பொருது களத்தில் மாண்டான்.