செல்லுலாய்ட் (திரைப்படம்)

செல்லுலாய்ட் என்பது 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மலையாளத் திரைப்படம் ஆகும். மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஜே. சி. டேனியலின் வாழ்க்கையை இது கூறுகின்றது. இதனை இயக்கியவர் கமல் (இவர் தமிழ் நடிகர் கமல்ஹாசன் அல்லர்). டேனியலாகப் பிருத்விராஜும் அவருடைய மனைவி ஜேனட்டாக மம்தா மோகன்தாசும் நடித்துள்ளனர். 2012 ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான கேரள மாநில விருதை இது பெற்றது. தமிழில் ஜே. சி. டேனியல் என்னும் பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்டது.

ஓர் இயக்குநரைப் பற்றி மற்றோர் இயக்குநர் படம் எடுக்கும்போது முதற் சான்றாக அமைவன அவருடைய படங்களே. கமலுக்கு அச்சான்று கிட்டவில்லை. டேனியல் இயக்கிய ஒரே கதைப்படமான விகதகுமாரனின் பிரதி எதுவும் இன்று இல்லை. சில நிழற்படங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. இதனால் செல்லுலாய்ட் எந்த அளவுக்கு உண்மையைத் தழுவியது என்பது பிற வாழ்க்கை வரலாற்றுப் படங்களை விடக் கூடுதலாக விவாதிக்கப்பட்டது.

வரலாற்றுப் பின்னணி

டேனியல் 1900 ஆம் ஆண்டில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அகத்தீசுவரத்தில் நாடார் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டு திருவனந்தபுரத்தில் திருவாங்கூர் நேசனல் பிக்சர்சு நிறுவனத்தைத் தொடங்கினார். விகதகுமாரன் என்பதற்குத் தொலைந்த மகன் என்பது பொருள். செல்வர் வீட்டு மகன் ஒருவன் இலங்கைக்குக் கடத்தப்படுவதே இவ்வூமைப்படத்தின் கதை. முதன்முதலில் திரையிடப்பட்ட நாள் 1928 நவம்பர் 7 என நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 எனக் கொள்கின்றனர்.

படத்தில் நாயர் பெண்ணாக நடித்தவர் புலையர் சமூகத்தைச் சேர்ந்த பி. கே. ரோசி. இதனைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் கேப்பிட்டல் திரையரங்கில் கலகம் செய்தனர். ரோசியின் குடிசை எரிக்கப்பட்டது. அவர் ஊரை விட்டுத் தப்பியோடினார். பொருளை இழந்த டேனியல் பின்னர் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1975 இல் வறுமையில் இறந்தார். அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் எனக் கூறிக் கேரள அரசு உதவித்தொகை வழங்க மறுத்தது. அக்காலத்தில் முதல் மலையாளப் படமாகக் கருதப்பட்டது, சேலம் மாடர்ன் தியேட்டர்சு 1938 இல் தயாரித்த பாலன் என்னும் பேசும்படமே. முதல் மலையாளப் பேசும்படத்தை எடுத்தது தமிழ்நாட்டு நிறுவனம் என்பதில் யாருக்கும் தடையில்லை. முதல் ஊமைப்படத்தை எடுத்தவர் தமிழ்நாட்டுக்காரர் என்பதே தடையாயிற்று.

படத்தின் சான்றுகள்

செல்லுலாய்ட் இரண்டு நூல்களை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று, டேனியலைத் தேடிக் கண்டறிந்து அவருடைய உரிமைக்காக வாதாடிய இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய வாழ்க்கை வரலாறு. மற்றையது, ரோசியைப் பற்றி வினு ஆபிரகாம் எழுதிய நஷ்டநாயிகா என்னும் புதினம். வரலாறும் புனைவும் ஒரே திரைக்கதையில் கலந்தமையால், எது ஆவணம் எது கற்பனை எனப் பார்வையாளர் பிரித்தறிவது கடினமாகின்றது. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனும் ஒரு கதைமாந்தராகவே வருகின்றார் (நடித்தவர் சீனிவாசன்). கதை எவருடைய தேடலின் வழியாக நமக்குக் கிடைத்தது என்பதைப் படமே இவ்வாறு காட்டிவிடுவது பாராட்டத்தக்கது.

படத்தில் இடம்பெறும் விகதகுமாரன் காட்சிகள் புதிதாக எடுக்கப்பட்டவை. எட் வுட் (1994) என்னும் ஆலிவுட் படத்தில், அவ்வியக்குநரின் கிடைக்கும் படங்களைப் பார்த்து அவற்றின் காட்சிகளை டிம் பர்ட்டன் மீண்டும் அமைக்க முடிந்தது. பால்கேயைப் பற்றிய அரிச்சந்திராச்சி பாக்டரி (2009) என்னும் மராத்தியப் படத்தை எடுத்த பரேசு மொகாசிக்கும் ராஜா அரிச்சந்திராவின் எஞ்சிய பகுதிகள் துணை நின்றன. கமல் கேட்டறிந்தவற்றைக் கொண்டே காட்சியமைக்க வேண்டியிருந்தது. எனவே டேனியலின் துணிவைப் பற்றிப் படம் நிறையக் கூறினாலும், அவர் எத்தகைய இயக்குநர் என்பதைக் கூறவில்லை, கூறவும் இயலாது.

படச்சுருள் அழிந்ததற்கான காரணமாகக் காட்டப்படுவது, டேனியலின் மகன் ஹாரிஸ் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக அதனை எரித்தமை ஆகும். இது ஹாரிஸே வெளிப்படையாகக் கூறிய செய்தி, கற்பனை அன்று. ஹாரிஸாகவும் பிருத்விராஜே நடித்துள்ளார்.

விமர்சனங்கள்

அரசு உதவி மறுக்கப்பட்ட பகுதி, கே. கருணாகரனையும் எழுத்தாளரும் அரசு அதிகாரியுமான மலையாற்றூர் ராமகிருஷ்ணனையும் தவறாகச் சித்தரிப்பதாகச் சர்ச்சை எழுந்தது. செய்தித்தாள்களில் இதுவே பெரிதாகப் பேசப்பட்டது.

ரோசியின் சித்தரிப்பைப் பற்றிய விமர்சனம் இதனினும் வலுவானது. காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகிய கலைஞரான அவரை அச்சமும் பணிவும் மிக்க பெண்ணாகவும், டேனியலின் பரிவுக்கு உரியவராகவும் படம் காட்டுகின்றது எனத் தலித் பெண்ணிய விமர்சகர்கள் குறிப்பிட்டனர். ரோசி உண்மையில் நாகர்கோவில் பகுதியில் ராஜம்மாள் என்னும் பெயரில் நெடுங்காலம் வாழ்ந்தார் எனக் கூறப்படுகின்றது. படமோ அவர் தப்பிச் செல்வதோடு அவரை விட்டுவிடுகின்றது. டேனியலுக்கு முதுமை வரை வழங்கப்பட்ட கதை ரோசிக்கு வழங்கப்படவில்லை.

இவ்விடைவெளியைப் பின்னர் பிறர் நிரப்ப முயன்றனர். 2019 இல் மலையாளத் திரைத்துறைப் பெண்களின் அமைப்பு அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியது. 2023 இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் பி. கே. ரோசி திரைப்பட விழாவை நடத்தியது.